கார் துடைக்கும் துணிகளை வீட்டுச் சலவை இயந்திரத்தில் போடலாமா?

கறுப்பு மைவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வார இறுதியில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ளவர்களின் கார்களைக் கழுவி, மெழுகு பூசிக் கொடுக்கிறேன். தீபாவளி நெருங்குவதால் கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதவுக்குக் கீழே செம்மண், கூரையில் ஆலைப் புகையின் கரி, ரப்பர் பால் லாரிக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கூடுதலாகக் காய்ந்த பால் சொட்டுகள். ஒரு காருக்கே ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணிகள் அழுக்காகின்றன. மெழுகு பூசும் ஸ்பாஞ்ச் திண்டுகள் வேறு.

கையால் கசக்கி மாளவில்லை. வீட்டில் இருப்பது மேலே திறக்கும் இயந்திரம், பச்சைத் தண்ணீர் மட்டுமே எடுக்கும். அம்மாவிடம் பேச்செடுத்தேன். “ஊர்க் கார் அழுக்கையெல்லாம் அப்பாவின் கோயில் வேட்டி துவைக்கிற இயந்திரத்தில் கொட்டப் போகிறாயா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்துவது என் பாடு. துணிகளுக்கு இயந்திரத்தால் கேடு வருமா, இயந்திரத்துக்குத் துணிகளால் கேடு வருமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள். திண்டுகளையும் போடலாமா?

லயத்துப் பிள்ளை எழுதியது:

தாராளமாகப் போடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். சாஃப்ட்னர் மட்டும் ஊற்றாதீர்கள். மற்றபடி துணி துணிதான்.

மல்லி அக்கா எழுதியது:

‘துணி துணிதான்’ என்று சொல்பவரின் வீட்டில் இயந்திரத்தின் வடிகட்டிப் பையை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. எங்கள் வீட்டில் நான்தான். என் மகன் கார் துணிகளைப் போட்ட மறுநாள் அந்தப் பையைக் கழற்றினேன். சாம்பல் நிறத்தில் களிம்பு போல ஒன்று அப்பியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் உள்ளே நறநறவென்று மணல். அதே தண்ணீரில்தானே பேரனின் சட்டையும் அலசப்படுகிறது?

உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு இயந்திரத்தையே தொடாதே என்று அர்த்தம் இல்லை. மண் இயந்திரத்துக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான். காய்ந்த துணியை வெளியில் நின்று நன்றாக உதறுங்கள். பிறகு வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள். வாளியின் அடி கண்ணுக்குத் தெரியும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகு போட்டால் நானே குறுக்கே நிற்க மாட்டேன். குடும்பத் துணிகளோடு சேர்த்துப் போடுவது மட்டும் எக்காலத்திலும் கூடாது.

நூலாலை ஓய்வு எழுதியது:

பினாங்கில் பாலியஸ்டர் நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லயத்துப் பிள்ளை சாஃப்ட்னர் கூடாது என்று சொன்னது சரி. ஏன் கூடாது என்பது தெரிந்தால் மற்ற விதிகளும் தாமாகவே விளங்கும்.

இந்தத் துணிகளில் பெரும்பாலானவை பாலியஸ்டரும் நைலானும் கலந்தவை. 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்ற விகிதத்தைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். 9000 மீட்டர் நீள இழை 1 கிராம் எடைகூடத் தேறாது என்றால்தான் அது நுண்ணிழை, அதாவது மைக்ரோஃபைபர். கார் துணியில் அந்த இழையையும் நெடுக்காகப் பிளந்திருப்பார்கள். பிளந்த ஒவ்வொரு கீற்றுக்கும் கூர்மையான ஓரங்கள் உண்டு. அழுக்கை வழித்தெடுப்பது அந்த ஓரம். தண்ணீரை உறிஞ்சிப் பிடிப்பது கீற்றுகளுக்கு இடையில் உள்ள இடுக்கு.

சாஃப்ட்னரில் இருப்பது நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு வகைக் கொழுப்புப் பொருள். அது இழையில் போய் ஒட்டிக்கொள்ளும், எளிதில் அலசிப் போகாது. சட்டைக்கு அது வழவழப்பு. கார் துணியிலோ இடுக்குகளை அடைத்துவிடும். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகுமே ஒழிய உறிஞ்சாது. சவர்க்காரத்தூள் சரியாகக் கரையாவிட்டாலும் இதே தொல்லைதான், அதுவும் பச்சைத் தண்ணீரில். ஆகவே திரவச் சவர்க்காரம், வழக்கமான அளவில் பாதி, அலசல் ஒரு தடவை கூடுதல். கடைசி அலசல் தண்ணீரில் நுரை மிதந்தால் இன்னும் ஒரு முறை அலசுங்கள். தோட்டத்து வீடுகளில் மழைநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அளவை மேலும் குறைக்கலாம். மழைநீரில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் கொஞ்சம் ஊற்றினாலே நுரை பொங்கும்.

பருத்தித் துண்டோடு சேர்க்கக் கூடாது என்பதற்கும் அந்த ஓரங்கள்தான் காரணம். பருத்தி உதிர்க்கும் பஞ்சை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். கறுப்புக் காரில் துடைத்துப் பாருங்கள், தெரியும்.

1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்பவர் இத்தகைய நுண்ணிழையைக் கொண்டு மென்தோல் போன்ற துணியை உருவாக்கினார். முன்பெல்லாம் காரைத் துடைக்க நாம் தேடி வாங்கியதும் மென்தோல்தான். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்திருக்கிறோம்.

கைத்துவையல் கட்சி எழுதியது:

இவ்வளவு இலக்கணம் பார்த்துத் துவைப்பதற்குக் கையாலேயே துவைத்துவிடலாமே. மேலே திறக்கும் இயந்திரம் துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு வைக்கும். கல்லில் போட்டு, பார் சவர்க்காரம் தேய்த்து, நாலு கசக்குக் கசக்கினால் போகாத அழுக்கா? எங்கள் அப்பா தோட்டத்து லாரியை அப்படித்தான் பளபளவென்று வைத்திருந்தார்.

நூலாலை ஓய்வு எழுதியது:

உங்கள் அப்பா துடைத்தது பருத்தித் துணியால், ஐயா. பருத்தி கல்லைத் தாங்கும். பிளந்த நுண்ணிழையைக் கல்லில் அடித்தால் கண்ணிகள் இழுபட்டுப் பிசிறு எழும், மணலும் உள்ளே அழுந்தும். பார் சவர்க்காரம் கொழுப்பிலிருந்து செய்யப்படுவது, அதன் படிவு இடுக்கில் தங்கிவிடும். கையால் துவைப்பதை நான் குறை சொல்லவில்லை. வாளியில் திரவச் சவர்க்காரம் கலந்து ஊறவைத்து அமுக்கி அமுக்கி எடுங்கள். இரண்டு மூன்று துணிகள் என்றால் அதுவே நல்லது.

கைத்துவையல் கட்சி எழுதியது:

சரி, கல்லை விட்டுவிடுகிறேன். கையை விட மாட்டேன்.

பட்டறை அண்ணன் எழுதியது:

எல்லாரும் எப்படித் துவைப்பது என்றே பேசுகிறீர்கள். எதைத் துவைப்பது என்று யாரும் கேட்கவில்லை. தம்பி, முடிவு செய்ய வேண்டிய இடம் இயந்திரம் இல்லை, கார் பக்கத்தில். துடைத்துப் போடும்போதே பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். குவியலாக அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு எது எதைத் துடைத்தது என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று வாளிகள் வையுங்கள்.

முதல் வாளியில் வண்டியின் மேல்பாகத்தையும் கண்ணாடியையும் துடைத்தவை. தண்ணீரும் தூசியும்தான் இருக்கும். அக்கா சொன்னபடி அலசிவிட்டு இயந்திரத்தில் போடலாம். மெழுகு துடைத்து எடுத்த துணிகளும் இதோடு சேரும், ஆனால் அவற்றை முன்கூட்டியே சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்து இறுகிய பிறகு பச்சைத் தண்ணீரில் மெழுகு அசையாது. கார் மெழுகில் சேர்க்கும் கார்னோபா என்ற தாவர மெழுகு 82 முதல் 86 பாகை வரை சூடேறினால்தான் உருகும். அதை உருக்கி எடுக்கலாம் என்று கொதிநீரை ஊற்றாதீர்கள். கரைத்து எடுப்பது சவர்க்காரத்தின் வேலை.

இரண்டாம் வாளியில் ரிம், சக்கர வளைவு, கதவிடுக்கு ஆகியவற்றைத் துடைத்தவை. பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கிறது. ஒருமுறை ரிம்மைத் தொட்ட துணி மறுபடி வண்டியின் மேல்பாகத்துக்கு வரக் கூடாது, எத்தனை முறை துவைத்தாலும் சரி. ஓரத்தில் கறுப்பு நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தனியாக, கையால் துவைப்பதே நல்லது. கைத்துவையல் கட்சியினர் இங்கே வந்து சேவை செய்யலாம்.

மூன்றாம் வாளிதான் ஆபத்து. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய், தார் நீக்கி பட்ட எந்தத் துணியும் எந்த இயந்திரத்துக்கும் போகக் கூடாது. மூடிய தொட்டிக்குள் ஆவி சேரும், பக்கத்திலேயே மின்மோட்டார் ஓடும். துவைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். இயந்திரத்தோடு வரும் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும், யார் படிக்கிறார்கள்? டயருக்குப் பளபளப்புப் பூசிய திண்டும் இதே வாளிதான். தீப்பிடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. அதிலுள்ள சிலிக்கான் எண்ணெய் மற்றத் துணிகளுக்குப் பரவி, பிறகு கண்ணாடியில் மங்கலாகக் கோடு போடும். ஒரு பழைய டப்பாவில் அதை மூடி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். கழுவவே வேண்டாம். செரமிக் பூச்சைத் துடைத்தெடுத்த துணி மணிக்கணக்கில் காய்ந்தால் உள்ளுக்குள்ளே கண்ணாடித் துகள் போல இறுகிவிடும். அதைத் துவைத்துக் காப்பாற்ற நினைப்பது வீண். உடனே தண்ணீரில் நனைத்து, குப்பையில் போடுங்கள்.

லயத்துப் பிள்ளை எழுதியது:

அண்ணா, ஒரு துணிக்கு இவ்வளவு காசு கொடுத்துவிட்டு ஒருமுறை துடைத்ததும் எறிவதா?

பட்டறை அண்ணன் எழுதியது:

அதற்குத்தான் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கட்டாக விற்கும் மலிவுத் துணியை வாங்கி வைத்திருப்பது. நல்ல துணியால் செரமிக் பூச்சைத் துடைப்பானேன்?

கறுப்பு மைவி எழுதியது:

மூன்று வாளி யோசனை பிடித்துவிட்டது. காயவைப்பதைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் பக்கம் பிற்பகலானால் மழை. கடைத்தெருவில் காசு போட்டால் ஓடும் டோபி கடை ஒன்று இருக்கிறது. அங்கே சுடுநீரும் உண்டு, உலர்த்தியும் உண்டு. மொத்தமாக அங்கேயே கொண்டுபோனால் அம்மாவின் பிரச்சினையும் தீர்ந்ததே?

மல்லி அக்கா எழுதியது:

தீராது. அம்மாவின் இயந்திரத்தைக் காப்பாற்றி அடுத்தவர் துணியைக் கெடுப்பதா? உங்களுக்குப் பின்னால் ஒருவர் அதில் பள்ளிச் சீருடை போடுவார். எண்ணெய்த் துணி போடாதீர்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பதற்கும் காரணம் உண்டு.

நூலாலை ஓய்வு எழுதியது:

வேறொரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் கடைகள் பலவற்றில் சவர்க்காரத்தையும் சாஃப்ட்னரையும் இயந்திரமே கலந்துவிடும். நிறுத்தச் சொல்லும் பொத்தான் இல்லையென்றால் துணியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

உலர்த்தியின் சூட்டில் மைக்ரோஃபைபர் உருகிவிடும் என்று இணையம் முழுக்க எழுதுகிறார்கள். உருகுவது என்றால் பாலியஸ்டருக்கு 250 பாகைக்கு மேல் வேண்டும், நைலானுக்கும் 200-ஐத் தாண்ட வேண்டும். எந்த உலர்த்தியும் அங்கே போகாது. உண்மையில் நடப்பது வேறு. பாலியஸ்டர் சுமார் 70 பாகையிலேயே இறுக்கம் தளரத் தொடங்கும், நைலான் அதற்கும் முன்பே. அந்த நிலையில் துணிகள் புரண்டு உராயும்போது நுண்ணிய முனைகள் சுருண்டு, குளிர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். தொட்டால் சொரசொரவென்று இருக்கும். உலர்த்தியைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் மிகக் குறைந்த சூட்டில் வையுங்கள். துவைப்பதற்கு 40 பாகை போதும். சீட்டில் 60 வரை அனுமதித்திருந்தாலும் அதை அன்றாட வழக்கமாக்க வேண்டாம்.

பட்டறை அண்ணன் எழுதியது:

உலர்த்தி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சமையல் எண்ணெய் ஊறிய பருத்தித் துணியைச் சூடான உலர்த்தியில் போட்டு, அள்ளி மூட்டையாகக் குவித்து வைத்தால் உள்ளே தானாகவே சூடேறித் தீப்பிடிப்பது உண்டு. சலவைக் கடைகளில் தீ விபத்துக்கு இது அறியப்பட்ட காரணம். செம்பனை ஆலையில் வேலை செய்பவர்கள் வண்டியைத் துடைத்த கந்தையை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

முன்கதவுக்காரர் எழுதியது:

எங்கள் வீட்டில் முன்பக்கம் திறக்கும் இயந்திரம். வினிகர் ஊற்றினால் துணி புதிது போலாகும் என்கிறார்களே, உண்மையா? பாத்திரம் கழுவும் திரவத்தையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள்.

நூலாலை ஓய்வு எழுதியது:

பாத்திரத் திரவத்தை வாளியில் ஊறவைக்கும்போது ஒன்றிரண்டு சொட்டு விடலாம், மெழுகுக்கு நல்லது. இயந்திரத்தில் ஊற்றினால் நுரை பொங்கி வாசலுக்கு வரும். அதுவும் முன்பக்கம் திறப்பதில் நுரை நிறைந்து தொட்டி சுழலாமலே நின்றுவிடும். வினிகர் தண்ணீரின் உப்புப் படிவையும் சவர்க்காரத்தின் எச்சத்தையும் கொஞ்சம் இளக்கும். எப்போதாவது அலசலில் சிறிது விட்டால் பாதகமில்லை. ஒவ்வொரு முறையும் விட்டால் இயந்திரத்தின் ரப்பர் வளையங்களை அது அரிக்கும். குளோரின் வெளுப்பானோடு வினிகர் சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். வெளுப்பான் தனியாகவும் வேண்டாம், நைலானைக் கெடுத்துவிடும்.

ஆற்றங்கரை எழுதியது:

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பாலியஸ்டர் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் இழைத் துணுக்குகள் உதிர்ந்து சாக்கடைக்குப் போகின்றன. நம் பக்கத்துச் சாக்கடை பேராக் ஆற்றை நோக்கித்தான் ஓடுகிறது. கடலில் நேரடியாகக் கலக்கும் நுண்நெகிழியில் சுமார் 35 விழுக்காடு செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருவதாக 2017-இல் ஐ.யூ.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. கார் பளபளக்க ஆறு கெட வேண்டுமா?

லயத்துப் பிள்ளை எழுதியது:

அதே கணக்கில் டயர் தேய்வதற்கு 28 விழுக்காடு கொடுத்திருந்தார்கள். காரையே விற்றுவிடச் சொல்வீர்களா?

ஆற்றங்கரை எழுதியது:

விற்கச் சொல்லவில்லை. இரண்டு துணிகளுக்காக இயந்திரத்தை ஓட்டாதீர்கள் என்கிறேன். தண்ணீர் நிறைய, துணி கொஞ்சம் என்றால் உதிர்வு அதிகம். சேர்த்து வைத்து ஒரே தடவையில் போடுங்கள். வடிகட்டிப் பையில் சேரும் பஞ்சைக் குழாயடியில் கழுவி விடாமல் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

மல்லி அக்கா எழுதியது:

இதை நான் வழிமொழிகிறேன். ஆனால் ஈரத்தோடு சேர்த்து வைக்காதீர்கள், இரண்டு நாளில் பூஞ்சை நாற்றம் பிடித்துவிடும். அலசிப் பிழிந்து காயவைத்து, காற்றோடும் கூடையில் போட்டு வையுங்கள். காயவைப்பது நிழலில், மின்விசிறிக்கு அடியில். வெளியில் கொடி கட்டினால் சாலைத் தூசியும் ஆலைக் கரியும் ஈரத்தில் வந்து ஒட்டும், துவைத்ததே வீண்.

கறுப்பு மைவி எழுதியது:

திண்டுகளை மறந்துவிட்டோமே?

பட்டறை அண்ணன் எழுதியது:

ஸ்பாஞ்ச் திண்டை ஜிப் வைத்த வலைப்பையில் போட்டால் இயந்திரத்தில் போகலாம். பை இல்லாமல் போட்டால் மிதந்து ஏறித் தொட்டியின் விளிம்புக்கு அப்பால் நழுவிவிடும், பிறகு இயந்திரத்தைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். துணி உறை போட்ட திண்டு என்றால் சூடு ஆகாது, உள்ளே ஒட்டிய பசை விட்டுப்போகும். உண்மையைச் சொன்னால் கையே எளிது. உள்ளங்கையில் வைத்து சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கினால் முதலில் மஞ்சளாக மெழுகு வழியும், பிறகு பால் நிறம், பிறகு தெளிந்த தண்ணீர். தெளிந்ததும் நிறுத்துங்கள். முறுக்காதீர்கள், கிழியும். பாலிஷ் பூசிய திண்டையும் மெழுகு பூசிய திண்டையும் கலக்க வேண்டாம். பாலிஷில் தேய்க்கும் துகள் இருக்கிறது.

கறுப்பு மைவி எழுதியது:

நேற்று மூன்று வாளிகளையும் அம்மாவின் கண் முன்னாலேயே வைத்துக் காட்டினேன். மூன்றாவது வாளிக்கு மூடி போடச் சொன்னார். முதல் வாளித் துணிகளை மட்டும் குடும்பத் துணி துவைத்து முடித்த பிறகு போடலாம், அதன் பின் வெறும் தண்ணீரில் ஒரு ஓட்டம் ஓட்டி வடிகட்டிப் பையையும் நானே கழுவி வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மட்டும் இயந்திரத்தைத் தொடக் கூடாது. இவை நிபந்தனைகள். ஒப்புக்கொண்டேன்.

துணிகள் காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். புதியவற்றில் விட்ட உடனே உள்ளே இறங்கிவிட்டது. அத்தை வீட்டிலிருந்து வந்த பழைய துணிகளில் சொட்டு முத்தாக உருண்டு நிற்கிறது. அவர் எல்லாவற்றுக்கும் சாஃப்ட்னர் ஊற்றுபவர். இவற்றை மீட்க முடியுமா?

நூலாலை ஓய்வு எழுதியது:

முயன்று பார்க்கலாம். கெட்டில் தண்ணீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் திரவச் சவர்க்காரம் விட்டு ஊறவைத்து, குச்சியால் கிளறி, பல முறை அலசுங்கள். மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். அப்போதும் உருண்டால் இரண்டாம் வாளிக்குத் தள்ளிவிடுங்கள், ரிம் துடைக்க அது போதும்.

முன்கதவுக்காரர் எழுதியது:

கடைசியாக ஒரு சந்தேகம். ஆட்டு உரோமத்தில் செய்த கழுவும் கையுறை?

மல்லி அக்கா எழுதியது:

அது கம்பளி. இயந்திரமும் சூடும் சேர்ந்தால் இறுகிச் சுருங்கி, குழந்தையின் கைக்குத்தான் பொருந்தும். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, உரோமத்தை விரலால் கோதி நிழலில் தொங்கவிடுங்கள்.

கைத்துவையல் கட்சி எழுதியது:

ஒரு வாக்கு கிடைத்தது.